சைக்கிள் டயரில் 28-லிருந்து 35-க்கு மாறுங்கள், ஆனால் முதலில் பழைய ட்யூபைப் பாருங்கள்

வேளச்சேரியிலிருந்து தரமணிக்குத் தினமும் 700×28 (அதாவது 28 மி.மீ. அகல) டயர் போட்ட சைக்கிளில் போகிறீர்கள், அடிக்கடி பஞ்சர், 32 போடலாமா 38 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பஞ்சரான ட்யூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல் இருந்தால், பள்ளத்தில் டயர் நசுங்கி ட்யூப் ரிம்மில் அடிபட்டிருக்கிறது. இதற்கு அகல டயர்தான் மருந்து. ஒரே ஒரு ஓட்டை என்றால் ஆணியோ கண்ணாடியோ. அப்போது அகலத்தைவிடப் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் முக்கியம்.

நம் ரோட்டுக்கு என் கை 35-க்குத்தான் போகும். 70 கிலோ ஆளுக்கு 50 பி.எஸ்.ஐ. பக்கம் காற்று போதும். மழைக்காலத்தில் தண்ணீருக்கடியில் பள்ளம் தெரியாமல் இறங்கினாலும் ஹேண்டில் கையை உதறாது. வேகம் குறையுமோ என்று பயப்படாதீர்கள், கரடுமுரடான ரோட்டில் மெல்லிய டயர் குதித்துக் குதித்தே வேகத்தை விட்டுவிடும்.

வாங்கும் முன் ஃபோர்க்கிலும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பின் சக்கரத்திலும் இடைவெளி அளந்து பாருங்கள். இரு பக்கமும் 5 மி.மீ. மிஞ்ச வேண்டும். மட்கார்டு இருந்தால் இன்னும் கூடுதலாக. இடம் பத்தாவிட்டால் 32 போடுங்கள், அதுவே நல்ல வித்தியாசம் தரும். அப்புறம், ட்யூபில் அச்சிட்ட அளவையும் பாருங்கள். 35 அதற்குள் வராவிட்டால் ட்யூபையும் சேர்த்து மாற்றுங்கள்.