பெயரைப் பார்த்தா இடம் கொடுப்பது?

கேள்வி: ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான யூரோ கோப்பையை 16 அணிகளிலிருந்து 24 அணிகளாகப் பெருக்கியதால்தானே 2016இல் ஐஸ்லாந்து மாதிரி குட்டி நாடெல்லாம் உள்ளே வந்தது? நெதர்லாந்து இல்லாமல் ஒரு யூரோவா? பெரிய அணிகளைத் தகுதிச்சுற்று இல்லாமல் நேரடியாகச் சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது அந்தத் தகுதிச்சுற்றின் 'ஏ' பிரிவைத்தானே? அதன் கடைசிப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். செக் குடியரசு 22 புள்ளி, ஐஸ்லாந்து 20, துருக்கி 18, நெதர்லாந்து 13, கஜகஸ்தானும் லாட்வியாவும் ஆளுக்கு 5. நெதர்லாந்து நான்காவது இடம். 24 அணி என்று ஆக்கியதால் மூன்றாவதாக வந்த அணிக்குக்கூட வாய்ப்பு இருந்தது, அந்த இடத்தையும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. ஐஸ்லாந்தோ இரண்டாவது. பழைய 16 அணி முறையிலும் இரண்டாவதாக வந்த அணிக்குக் குறைந்தபட்சம் பிளே-ஆஃப், அதாவது மிச்ச இடத்துக்காக இரண்டு அணிகள் மோதும் கூடுதல் சுற்று, உண்டு. ஆக, அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டியதால் நெதர்லாந்துக்குத்தான் வழி சுலபமானது, அப்படியும் அவர்கள் வரவில்லை.

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால் வேதனையாக இருக்கும். அந்த 13 புள்ளிகளில் 12 கஜகஸ்தானையும் லாட்வியாவையும் இரண்டிரண்டு தடவை ஜெயித்து வாங்கியவை. மேலே இருந்த மூன்று அணிகளோடு ஆடிய ஆறு ஆட்டங்களில் கிடைக்கக்கூடிய 18 புள்ளிகளில் அவர்கள் எடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் சொந்த ஊரில் துருக்கியோடு கடைசி நேரத்தில் தப்பித்த 1-1. இவர்கள்தான் 2014 உலகக் கோப்பையில் ஸ்பெயினை 5-1 என்று அடித்து மூன்றாம் இடம் பிடித்தவர்கள்! பிறகு பயிற்சியாளர் வான் ஹால் போனார், கூஸ் ஹிட்டிங்க் வந்தார், பாதியில் அவரும் விலகினார், மிச்சத்தை டானி பிளிண்ட் தலையில் கட்டினார்கள். 2015 அக்டோபர் 13, ஆம்ஸ்டர்டாமில் கடைசி ஆட்டம். செக் அணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி இடைவேளைக்கு முன்னாலேயே வெளியே போய்விட்டார், பத்து பேரை எதிர்த்து ஆடுகிறார்கள், அப்போது போய் நெதர்லாந்தின் வான் பெர்சி பந்தைத் தலையால் முட்டித் தன் அணியின் வலைக்குள்ளேயே போடுகிறார். கடைசியில் 2-3 தோல்வி. 1984க்குப் பிறகு முதல் தடவையாக நெதர்லாந்து இல்லாத யூரோ வந்தது இப்படித்தான். இதில் விதிமுறையின் குற்றம் எங்கே இருக்கிறது?

ஐஸ்லாந்தை "குட்டி நாடு" என்கிறீர்கள். ஆமாம், மொத்த மக்கள்தொகையே அப்போது சுமார் 3.3 லட்சம்தான். ரெய்க்யாவிக் தேசிய மைதானத்தில் பத்தாயிரம் பேர்கூட உட்கார முடியாது. அந்த மைதானத்தில்தான் துருக்கியை 3-0, நெதர்லாந்தை 2-0, செக்கை 2-1 என்று வீழ்த்தினார்கள். அப்புறம் ஆம்ஸ்டர்டாமுக்கே போய், கில்ஃபி சிகுர்ட்சனின் பெனால்டியில் 1-0. அன்று நெதர்லாந்தின் ராபன் காயம்பட்டு வெளியேறினார், ஒரு டச்சுத் தடுப்பாட்டக்காரர் சிவப்பு அட்டை வாங்கினார், அதனால் அதிர்ஷ்டம் என்பீர்கள். சரி, முதல் ஆட்டத்தில் அந்தக் காரணமும் இல்லையே? இது ஒரு வருடத்தில் நடந்த அதிசயமும் இல்லை. 2000க்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்திலும் பிள்ளைகள் ஆட வேண்டும் என்று கூரை போட்ட முழு அளவு மைதானங்கள் கட்டினார்கள், சின்னப் பிள்ளைகளுக்கே முறையாகப் பயிற்சி பெற்ற பயிற்சியாளர்களை வைத்தார்கள். ஸ்வீடன்காரர் லார்ஸ் லாகர்பெக்கும், பல் மருத்துவராகவும் இருந்த ஹெய்மிர் ஹால்கிரிம்சனும் பயிற்சியாளர்களாகச் சேர்ந்து அந்தத் தலைமுறையை ஓர் அணியாக்கினார்கள். 2014 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலேயே பிளே-ஆஃப் வரை வந்து குரோஷியாவிடம் தோற்றவர்கள் இவர்கள். 2016 யூரோ நடந்த பிரான்சில் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும், நீஸ் நகரில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விதிமுறையில் குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால் சொல்ல வேண்டிய இடம் வேறு, அதைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஒன்பது பிரிவுகளிலும் மூன்றாவதாக வந்த அணிகளில் சிறந்த ஒன்றுக்கு நேரடி இடம், மற்ற எட்டுக்கும் பிளே-ஆஃப். ஒரு பிரிவில் மட்டும் ஐந்து அணி, மற்றவற்றில் ஆறு. அதனால் கணக்கு சமமாக வரட்டும் என்று ஆறாவது அணியோடு ஆடிய ஆட்டங்களைக் கழித்துவிடுவார்கள். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். அந்தக் கடைசி நாள் இரவு என்ன ஆனது பாருங்கள். துருக்கி லாட்வியாவோடு இரண்டு ஆட்டமும் 1-1 டிரா, கஜகஸ்தானை இரண்டு தடவையும் ஜெயித்தது. லாட்வியா கடைசியாக வந்தால் துருக்கிக்குக் கழிவது 2 புள்ளி. கஜகஸ்தான் கடைசியாக வந்தால் கழிவது 6! கடைசி இடம் யாருக்கு என்பதை முடிவு செய்ய கஜகஸ்தானும் லாட்வியாவும் ரீகாவில் ஆடிக்கொண்டிருக்கின்றன, இரண்டுமே எப்போதோ போட்டியிலிருந்து விழுந்துவிட்டவை. இஸ்லாம்பெக் குவாத் ஒரு கோல் போட்டார், 1-0, லாட்வியா கடைசி. அதே நேரம் கோன்யாவில் பத்து பேரோடு ஆடிய துருக்கிக்கு 89ஆவது நிமிடத்தில் செல்சுக் இனான் ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் கொடுத்தார், ஐஸ்லாந்து தோற்றது. இரண்டும் சேர்ந்து, மூன்றாவதாக வந்தவர்களில் சிறந்த அணியாகித் துருக்கி நேராக பிரான்சுக்கு. இதில் அடிபட்டது வேறு ஒரு பிரிவில் மூன்றாவதாக வந்து, எங்கேயோ உட்கார்ந்து காத்திருந்த ஹங்கேரி. அவர்கள் நவம்பரில் நார்வேயோடு பிளே-ஆஃப் ஆடி, இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துத்தான் உள்ளே வந்தார்கள்.

தன்னோடு ஒரு தடவைகூட மோதாத இரண்டு அணிகளின் ஆட்டம் ஹங்கேரியின் இடத்தை முடிவு செய்தது எனக்கு ஒப்பவே இல்லை. எல்லாப் பிரிவிலும் சம எண்ணிக்கையில் அணிகளை வைக்க முடியாதென்றால், மூன்றாவதாக வந்த ஒன்பது அணிகளில் ஒன்றுக்கு மட்டும் இந்தச் சலுகை எதற்கு? ஒரு பிரிவின் மூன்றாமிடத்தை இன்னொரு பிரிவின் மூன்றாமிடத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இடத்துக்காக அவர்களையே நேருக்கு நேர் ஆடவிட்டிருக்கலாம்.

நீங்கள் கேட்பதோ இதற்கு நேர் எதிர். ஆடாமலே இடம் கேட்கிறீர்கள். இத்தாலியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2018 உலகக் கோப்பைக்கு ஸ்வீடனிடம் தோற்று வர முடியவில்லை, அந்தத் தோல்விக்குப் பிறகு அணியைப் புதிதாகக் கட்டி அடுத்த யூரோவையே ஜெயித்தது. நெதர்லாந்தும் 2018ஐயும் தவறவிட்டு, 2019இல் ஐரோப்பிய நாடுகளின் இன்னொரு போட்டியான நேஷன்ஸ் லீக்கின் இறுதிப்போட்டி வரை திரும்பி வந்தது. அவர்களுக்கு உங்கள் சலுகை தேவைப்படவில்லை. பத்து ஆட்டம் ஆடி இரண்டாம் இடம் பிடித்த ஐஸ்லாந்தை வெளியே நிறுத்திவிட்டு, நான்காவதாக வந்தவர்களை உள்ளே கூப்பிட எனக்கு மனசு வராது.