அடையாறு முகத்துவார வண்டல்: ஈயம் குறைவென்றால் மாசும் குறைவா?

வணக்கம். திரு.வி.க. பாலத்தருகே சேற்றில் ஈயம் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு), உடைந்த பாலம் பக்கம் 14, ஆகவே கடல் பக்கம் சுத்தம் என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். உடைந்த பாலம் பக்கம் நீங்கள் எடுத்தது பெரும்பாலும் மணல். உலோகம் ஒட்டுவது நுண்ணிய களிமண் துகளில்தான். மணல் கலந்தால் எண் தானாகவே இறங்கும்.

நல்லவேளையாக, களிமண் எவ்வளவு என்பதைக் காட்டும் அலுமினியத்தையும் அளந்திருக்கிறீர்கள்: சேற்றில் 7.5%, மணலில் 1.5%. ஈயத்தை அலுமினியத்தால் வகுத்து, இயற்கை அளவாகக் கொள்ளப்படும் சராசரி ஷேல் (களிமண் இறுகிய) பாறையின் விகிதத்தோடு (ஈயம் 20 பிபிஎம், அலுமினியம் 8%) ஒப்பிடுங்கள். சேற்றுக்குச் செறிவுக் காரணி (ஷேல் விகிதத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) சுமார் 2.1, மணலுக்கு 3.7. உங்கள் முடிவு அப்படியே தலைகீழாகிறது!

ஆனால் அளக்கும் முன் மாதிரியை அமிலத்தில் எப்படிக் கரைத்தீர்கள்? ராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) மட்டும் என்றால் சிலிக்கேட்டில் உள்ள அலுமினியம் முழுதாகக் கரைந்திருக்காது. இந்தக் கணக்கு செல்லாது. ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்த்த முழுக் கரைப்பு வேண்டும். அதைப் பயிற்சி பெற்றவர் துணையில்லாமல் தொடவே வேண்டாம், அந்த அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அப்புறம், 63 மைக்ரானுக்குக் (0.063 மி.மீ.) கீழான நுண்துகள் பகுதியை மட்டும் பிரித்து மறுபடி அளந்தால் இன்னும் நம்பலாம். சல்லடை நைலானாக இருக்கட்டும். நான் ஒருமுறை பித்தளைச் சல்லடையில் சலித்து, செம்பும் துத்தநாகமும் எகிறி, ஒரு பருவ மாதிரிகளையே இழந்தேன்.

முடிந்தால் அதே இடத்தில் வண்டலுக்குள் குழாயைச் செங்குத்தாக இறக்கி, அடுக்குகள் கலையாமல் ஒரு மாதிரி எடுங்கள். தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தைய ஆழ அடுக்கு கிடைத்தால், ஷேலைவிட அதுவே சரியான ஒப்பீடு.