பேட்ச் வந்துவிட்டது, யார் பார்ப்பது? கோட் ரிவியூ பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பராமரிக்கிறோம். கெரிட் என்ற ரிவியூ மென்பொருளை நிறுவினால், கோடைச் சேர்க்குமுன் இன்னொருவர் பார்க்கும் ரிவியூ ஒழுங்காகுமா?

வேண்டாம். கெரிட் நல்ல கருவிதான். ஆண்ட்ராய்டு, குரோமியம், லிப்ரே ஆபிஸ் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே அதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் நிறைய. உங்களுக்குப் பேட்ச் (கோடில் செய்த திருத்தம்) அனுப்புகிறவரோ, தன் வேலைக்குக் குறுக்கே வந்த ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போய்விடுவார். அவரிடம் புதுக் கணக்கு தொடங்குங்கள், கமிட் (பதிவு செய்த ஒரு மாற்றம்) செய்தியில் சேஞ்ச்-ஐடி என்ற அடையாள எண்ணைத் தானாகச் சேர்க்கும் ஹூக் ஸ்கிரிப்ட்டை நிறுவுங்கள் என்றால், திருத்தம் அவர் கணினியிலேயே தங்கிவிடும். ஃபாப்ரிகேட்டர் என்ற இன்னொரு ரிவியூ கருவியில் ஊறிய எல்எல்விஎம் கம்பைலர் திட்டமே 2023-ல் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டுக்கு (என் மாற்றத்தைப் பார்த்துச் சேருங்கள் என்று தளத்திலேயே கேட்கும் முறை) மாறியது. (ஃபாப்ரிகேட்டரின் பராமரிப்பு 2021-லேயே நின்றுவிட்டது என்பதும் உண்மை.)

புல் ரிக்வெஸ்ட்டே போதும். மெயின் பிராஞ்ச்சில் (திட்டத்தின் முதன்மைக் கிளை) நேரடியாக புஷ் செய்வதை, அதாவது மாற்றத்தை ஏற்றுவதை, தடுத்துவிடுங்கள். ஸ்பேஸ், கமா சமாச்சாரத்தை, கோடைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரிடம் விட்டுவிடுங்கள். அதற்கெல்லாம் மனிதர் கமென்ட் எழுதுவது தண்டம்.

கேள்வி: ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் நாற்பது ஃபைல்கள் வருகின்றன. யாரும் தொடுவதில்லை.

நானும் தொடமாட்டேன். அப்படி ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒரு ஃபங்ஷனின் பெயர் மாறியிருக்கும், அதற்காக ஃபைலுக்கு ஒரு வரி. நடுவில் ஏதோ ஒரு ஃபைலில் மட்டும், 'சிறியது' என்றிருந்த ஒப்பீட்டுக் குறி 'சிறியது அல்லது சமம்' ஆகியிருக்கும். ரிவியூ செய்ய வேண்டியது அந்த ஒற்றைக் குறியை. மீதியெல்லாம் அதை மறைக்கிற புதர்.

பெயர் மாற்றத்தை ஒரு கமிட்டாகவும் லாஜிக்கை இன்னொரு கமிட்டாகவும் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். கிட்ஹப்பில் கமிட் கமிட்டாகப் பார்க்கலாம், ஆனால் ஸ்குவாஷ் செய்து (எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்கி) மெர்ஜ் செய்தால், அதாவது மெயினில் சேர்த்தால், அந்தப் பிரிவு வரலாற்றில் நிற்காது. கெரிட் ஜெயிப்பது இங்கேதான். அதில் ஒவ்வொரு கமிட்டும் தனி ரிவியூ. முதலாவது உள்ளே போய்விட்ட பிறகும் மூன்றாவதைப் பற்றி விவாதம் நடந்துகொண்டிருக்கலாம். நிரந்தரமாகப் பங்களிப்பவர்கள் பலர் இருந்து, இப்படி அடுக்கடுக்கான வேலை தினமும் வந்தால், முதல் கேள்விக்கான என் பதில் மாறும்.

கேள்வி: ரிவியூவுக்கு நடுவில் ரீபேஸ் செய்து (கமிட்களைப் புதிய அடித்தளத்தின் மேல் மாற்றி எழுதி) ஃபோர்ஸ் புஷ் செய்கிறார்கள் (பழையதன் மேல் வலிந்து ஏற்றுகிறார்கள்). எது மாறியதென்றே தெரியவில்லை.

திருத்தங்களை ஃபிக்ஸப் கமிட்டாக (முந்தைய கமிட்டைத் திருத்தும் தனிக் கமிட்) சேர்த்து, ஒப்புதலுக்குப் பிறகு ஒன்றாக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே புஷ் ஆகிவிட்டதென்றால், கிட் 2.19 முதல் உள்ள ரேஞ்ச்-டிஃப் கட்டளை பழைய கமிட் வரிசையையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும்.

கேள்வி: லினக்ஸ் கெர்னல் இன்னும் மின்னஞ்சலில்தான் பேட்ச் வாங்குகிறது. நாங்களும் அப்படிச் செய்யலாமா?

அவர்களுக்கு அது பொருந்துகிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பட்டியல் இருக்கிறது; பேட்ச் நேராக அவருக்குப் போகும். அவர் வரிக்கு வரி மேற்கோள் காட்டி, அடியிலேயே பதில் எழுதுவார். அனுப்புகிறவர் பொறுப்பேற்றுப் பெயரிடும் கையொப்ப வரி 2004 முதல் வழக்கத்தில் இருக்கிறது. எந்த ஒரு நிறுவனத்தின் தளத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் புதியவர் தன் மின்னஞ்சல் செயலியில் பேட்ச்சை ஒட்டினால், அது டேப்பை ஸ்பேஸாக்கும், நீண்ட வரியை மடக்கும். பிறகு பேட்ச் ஏறாது. இந்தப் பாடத்தை ஒவ்வொருவருக்கும் நடத்த ஆளிருந்தால் செய்யுங்கள்.

கேள்வி: மெர்ஜுக்கு இரண்டு ஒப்புதல் கட்டாயமாக்கலாமா?

மூன்று பேர் குழுவில் ஒருவர் லீவு போட்டால் எல்லாம் நின்றுவிடும். எண்ணிக்கையைவிட, அந்தப் பகுதியை அறிந்தவர் பார்த்தாரா என்பதுதான் கணக்கு. கிட்ஹப்பில் எந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு என்று குறிக்கும் கோட் ஓனர்ஸ் வசதி அதற்குத்தான். எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் ஒளித்துவைத்து, 2024-ல் வெளிப்பட்ட பின்கதவை (ரகசிய நுழைவழி) நினைத்துப் பாருங்கள். தீங்கான பகுதி டெஸ்ட்டுக்கென்று வைத்த பைனரி ஃபைல்களில் ஒளிந்திருந்தது. அதை இயக்கும் பில்ட் வரிகளோ எல்லோரும் பார்க்கும் கோட் கிடங்கான ரெப்போவிலேயே இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டிய ரிலீஸ் டார்பால் தொகுப்பில் மட்டுமே இருந்தன. வைத்தவரும் அந்தத் திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெயினர்தான். பைனரி ஃபைல் வந்தால் அதை உருவாக்கும் ஸ்கிரிப்ட்டையும் கேளுங்கள். டார்பாலைத் தனி ஒருவரின் கணினியில் கட்டாமல் சிஐ-யில் (தானியங்கி பில்ட் சர்வர்) கட்டுங்கள்.

கேள்வி: நான் ஒருவன்தான் மெயின்டெயினர். எனக்கு யார் ரிவியூ?

அப்பாச்சி திட்டங்கள் சிலவற்றில் முதலில் கமிட், பிறகு ரிவியூ என்ற முறை உண்டு, அது போதும். பப்ளிக் ஏபிஐ (பிறர் கோட் அழைக்கும் ஃபங்ஷன்கள்) மாறும்போது மட்டும் புல் ரிக்வெஸ்ட்டாகத் திறந்து, பயன்படுத்துகிறவர்கள் பார்க்கச் சில நாள் விட்டுவையுங்கள்.