வர்றேன் என்றவர் வரவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் இருந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பழைய கட்டில், பிரிட்ஜ், பைக் என்று ஆன்லைனில் வாங்கி விற்கிறேன். கடை கிடையாது, வீட்டு முற்றம்தான். வாங்குவதாகச் சொல்லிவிட்டு அலைக்கழிப்பவர்களைப் பற்றி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

திங்கள்சந்தையிலிருந்து ஒருவர்: அண்ணே, வாஷிங் மெஷின் விற்கப் போட்டிருந்தேன். 'எனக்குத்தான், வேற யாருக்கும் கொடுத்துராதீங்க' என்றார் ஒருவர். மூன்று ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தேன். இப்போது போனே எடுப்பதில்லை. இவர்களை முதலிலேயே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். விலை பேசுவதை வைத்து ஆளை எடை போடாதீர்கள். எப்படி எடுத்துப் போவீர்கள் என்று கேளுங்கள். குட்டியானை பேசியாச்சா, தூக்க ஆள் இருக்கா, எத்தனை மணிக்கு? வாங்குகிறவர் இதையெல்லாம் யோசித்திருப்பார். 'மச்சான் வண்டிதான், நாலு மணிக்கு மேலதான் கிடைக்கும்' என்று சலித்துக்கொண்டாவது பதில் வரும். 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்கிறவருக்காக ஞாயிற்றுக்கிழமையை வீணாக்காதீர்கள்.

அப்புறம், அச்சாரம் இல்லாமல் எதையும் எடுத்து வைக்க வேண்டாம். 500 ரூபாய் போதும். எந்தத் தேதிவரை வைத்திருப்பீர்கள், வராவிட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி, அவரிடமிருந்து ஒரு 'சரி' வாங்கிவிடுங்கள். தர மாட்டேன் என்றால் கோபிக்காதீர்கள், ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கும் இருக்கும். 'அப்போ முதல்ல வர்றவங்களுக்கு' என்று சொல்லிவிட்டு விளம்பரத்தை எடுக்காமல் விடுங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் பேச்சை நம்பி ஒரு தேக்குக் கட்டிலை இரண்டு வாரம் வைத்திருந்தேன். கேட்டு வந்த உள்ளூர்க்காரர்கள் இருவரைத் திருப்பி அனுப்பினேன். ஜூன் மாதம் வேறு. 'மழை விடட்டும்' என்றே நாளைக் கடத்தினார். நம்ம ஊரில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். மழை விடுவதற்குக் காத்திருந்தால் வருடம் முடிந்துவிடும். கடைசியில் 2,000 ரூபாய் குறைத்து வேறொருவருக்குத் தள்ளினேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சகோதரி: வீட்டில் தேன் எடுத்து பாட்டிலில் அனுப்புகிறேன். பொருள் கையில் கிடைத்ததும் பணம் என்று ஆர்டர் போடுகிறார்கள், பார்சல் போனால் வாங்காமல் திருப்பி விடுகிறார்கள். ஒருவர் உறைந்து போயிருக்கிறது, சர்க்கரைப் பாகு என்று சண்டை.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை தங்கச்சி.

திரும்பி வரும் பார்சலுக்கு இரண்டு பக்கக் கூலியும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் புதிய ஆட்களிடம் கூரியர் காசை மட்டுமாவது முன்கூட்டியே வாங்குங்கள். அந்த 80, 100 ரூபாயைப் போடத் தயங்குகிறவர் பார்சலையும் வாங்கமாட்டார். அனுப்பும் அன்று காலையில் ஒரு போன் போடுங்கள். எடை போடுவதிலிருந்து முகவரி ஒட்டுவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பாட்டில் உடைந்தது, குறைந்தது என்று வந்தால் அதுதான் சாட்சி.

உறைந்த தேன் விஷயத்தில், கோபப்படாமல் கேளுங்கள், தப்பில் பாதி உங்களுடையது. நம்ம பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்திலிருந்து வருவது. பூவில்கூட இல்லை, ரப்பரின் இளந்தளிர் காம்பில் சுரப்பதைத்தான் தேனீ எடுக்கிறது. அது சீக்கிரம் உறையும். நமக்குத் தெரியும், சென்னையில் வாங்குகிறவருக்குத் தெரியாது. 'ரப்பர் தேன், உறையும், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும்' என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். மோசமான கஸ்டமர் என்று நாம் திட்டுகிறவர்களில் பலர், நாம் சொல்லாமல் விட்டதால் அப்படி ஆனவர்கள்.

குளச்சலிலிருந்து ஒருவர்: பிரிட்ஜ் போட்டு பத்து நிமிஷத்தில் ராணுவத்தில் இருப்பதாக ஒருவர் போன் செய்தார். பேரம் பேசவே இல்லை. அடையாள அட்டைப் படமும் அனுப்பினார். க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்கிறார்.

வராது, போகும். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். பொருளைப் பார்க்காமல், பேரம் பேசாமல், அடையாள அட்டையை முந்திக்கொண்டு நீட்டுகிறவரிடம் ஜாக்கிரதை. வெறும் சோம்பேறி உங்களை இழுத்தடிப்பார். திருடன் அவசரப்படுத்துவான்.

இன்னொரு வித்தை: 'தெரியாம கூடுதலா போட்டுட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க' என்று பணம் வந்ததுபோல ஒரு குறுஞ்செய்தி. ஸ்கிரீன்ஷாட், குறுஞ்செய்தி எதையும் நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கில் இருப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்குகிறவர் ஒருவர், பணம் வேறு யாரோ பெயரிலிருந்து வருகிறது என்றாலும் வேண்டாம். அது திருட்டுப் பணமாக இருந்தால் முடங்குவது உங்கள் கணக்கு.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்த வழி இருக்கும்.

குழித்துறையிலிருந்து ஒருவர்: டிஎன் 75 ஸ்கூட்டரை கேரளாவில் பாறசாலைக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். 5,000 பாக்கி. பெயர் மாற்றவும் இல்லை, கேட்டால் 'அடுத்த மாசம் சேட்டா' என்கிறார்.

5,000 போனால் போகட்டும், பெயரை விடாதீர்கள். ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் கடமை விற்றவருக்கும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டம் 50வது பிரிவின்படி அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாள், வேறு மாநிலம் என்றால் 45 நாள். கேரளாவுக்குப் போகும் வண்டிக்குப் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கினீர்களா? இல்லையென்றால் நாளைக்கே பாறசாலைக்குப் பஸ் ஏறுங்கள். இனிமேல் விற்கும்போது முழுப் பணம், கையெழுத்து, தேதியும் நேரமும் போட்ட ஒப்படைப்புச் சீட்டு மூன்றும் முடிந்த பிறகே சாவி.

தக்கலையிலிருந்து ஒரு அக்கா: பகலில் வீட்டில் நான் மட்டும்தான். பொருள் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடவே பயம்.

விட வேண்டாம். பொருளை முன்கூட்டியே வாசல் பக்கத்துச் சிட்அவுட்டுக்கு நகர்த்தி வையுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மிக்ஸி, போன் போன்ற சின்னப் பொருள் என்றால் பகலில் பஸ் ஸ்டாண்டிலேயே கொடுத்துவிடலாம். ராத்திரி பத்து மணிக்கு 'இப்போ வரலாமா' என்கிறவருக்குப் பதிலே போட வேண்டாம்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒருவர்: வராமல் ஏமாற்றியவர் மேல் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

முடியாது. அது வாங்குகிறவருக்கான இடம், விற்கிறவருக்கு அங்கே கதவு இல்லை.

பூதப்பாண்டியிலிருந்து ஒருவர்: போனில் 6,000 என்று முடித்த மேஜைக்கு வாசலில் நின்று 4,000 கேட்கிறார்கள். வண்டி வேறு கொண்டு வந்துவிட்டார்கள். என்ன செய்ய?

வண்டி வாடகை கொடுத்து வந்தவர் வெறுங்கையோடு போகமாட்டார், அது உங்களுக்குத்தான் பலம். கீறல், ஆட்டம் எல்லாவற்றையும் முதலிலேயே படம் எடுத்து அனுப்பியிருந்தால் 'இதைப் பாத்துதானே 6,000 சொன்னீங்க' என்று கேட்கலாம். அதற்குமேல் பேசாதீர்கள். பால் சேர்க்காத ஒரு கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். எனக்குத் தெரிந்து முக்கால்வாசிப் பேர் சாயா ஆறுவதற்குள் 5,800க்கு வந்துவிடுவார்கள். அந்த 200 ரூபாயை விட்டுக்கொடுங்கள், மேஜையை வண்டியில் ஏற்ற ஒரு கை பிடிப்பார்.