சிலுவைப்பாதையில் யாருடைய பாவம்? (கடிதமும் பதிலும்)

அன்பின் ஐயா,

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பங்கில் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். இந்த வருசம் பெரிய வெள்ளி காலையில் ஊர் வீதியால், இயேசுவின் பாடுகளை இடத்துக்கிடம் நின்று தியானித்தபடி போகும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளுக்கும் சிந்தனை எழுதும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் தந்திருக்கிறார். வழக்கமாக வாசிக்கும் பழைய புத்தகத்தில் ஒவ்வொரு நிலையிலும் "என் பாவமே உம்மை அறைந்தது" என்ற போக்கில்தான் வரும். எங்கள் பங்கில் 2009 இறுதிப் போரில் யாரையும் இழக்காத வீடு குறைவு. மகனை வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்றுவரை தேடுகிற ஒரு அம்மா போன வருசம் இயேசு தாயைச் சந்திக்கும் நான்காம் நிலையில் நின்று, "பிள்ளை, நாங்கள் செய்த பாவத்துக்குத்தானோ எங்களுக்கு இது?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. இளைஞர்கள் சிலர் "முள்ளிவாய்க்கால்தான் எங்கட கல்வாரி, அப்படியே எழுதுங்கோ அக்கா" என்கிறார்கள். தந்தையாகிய கடவுள் தம் கோபத்தை மகன்மேல் தீர்த்துக்கொண்டார் என்று பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தோம். அதை அந்த அம்மாவின் முன்னால் எப்படி வாசிப்பது?

ம. ஜெ., புதுக்குடியிருப்பு

---

அன்பின் சகோதரிக்கு,

அந்த அம்மாவின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதற்கு இயேசுவே நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறார். லூக்கா 13ஆம் அதிகாரம், முதல் ஐந்து வசனங்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரை உரோமை ஆளுநர் பிலாத்து கொன்றுபோட்ட செய்தியைச் சிலர் வந்து சொல்கிறார்கள். அரசின் கையால் நடந்த கொலை அது. மற்றக் கலிலேயரை விட அவர்கள் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டு, இல்லை என்கிறார் இயேசு. யாரும் கேட்காமலே சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் நினைவூட்டி, அவர்கள் விசயத்திலும் இல்லை என்கிறார். "மனம் மாறாவிட்டால் நீங்களும் அழிவீர்கள்" என்று தொடர்ந்து வருவது இறந்தவர்கள் மீதான தீர்ப்பு அல்ல. செய்தி கொண்டுவந்து எதிரே நிற்பவர்களுக்குச் சொன்னது. ஆகவே அந்த அம்மாவுக்கு உரிய பதில் "இல்லை அம்மா" என்பதுதான். இந்த ஐந்து வசனங்களையும் முதலாம் நிலைக்கு முன், தொடக்கச் செபத்திலேயே வாசித்துவிடுங்கள். பிந்தினால் 14 இடத்திலும் வருகிற "பாவம்" என்ற சொல் அவவின் காதில் குற்றச்சாட்டாகவே விழும்.

அதற்காகப் பாவத்தைப் பற்றிய பேச்சையே எடுத்துவிடவும் முடியாது. "கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார்" என்பது பவுல் தனக்கு முன்னிருந்தவர்களிடம் பெற்று ஒப்படைத்த நம்பிக்கை (1 கொரி 15:3). பழைய புத்தகத்தின் குறை பாவத்தைச் சொன்னதில் இல்லை, அதை முகமில்லாததாக்கியதில் இருக்கிறது. நற்செய்தியாளர்கள் அப்படி எழுதவில்லை. யூதாசின் பாவத்துக்கு விலை 30 வெள்ளிக்காசு. தலைமைக் குரு கயபா ஒரு கணக்குப் போடுகிறார்: இனம் முழுவதும் அழிவதைவிட ஒருவன் சாவது நல்லது. பேதுருவுக்கு, நெருப்புக் காய்கிற இடத்தில் ஒரு பணிப்பெண் கேட்ட கேள்விக்கே பயம்.

பிலாத்துவின் பாவத்தை முதலாம் நிலையில் சற்று நின்று காட்டுங்கள். லூக்காவில் அவன் மூன்று முறை "குற்றம் ஒன்றும் காணவில்லை" என்கிறான் (23:4, 14, 22). இடையில் கைதி கலிலேயன் என்று அறிந்ததும் ஏரோதுவிடம் அனுப்புகிறான். கைதி திரும்பி வந்ததும் "தண்டித்து விட்டுவிடுகிறேன்" என்று பேரம் பேசுகிறான், குற்றமில்லை என்று அவனே சொன்ன ஆளுக்கு. கடைசியில் கையளிக்கிறான். மத்தேயுவில் கைகழுவலும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் கோப்போடு ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அலைந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. உண்மை தெரிந்தும் வசதிக்காக ஒப்பமிடுவது, பொறுப்பைத் தள்ளிவிடுவது, பயத்தில் ஒதுங்குவது: இயேசுவைக் கொன்ற பாவங்கள் இவைதான். இவற்றில் நமக்கும் பங்கு உண்டா என்று ஒவ்வொருவரும் தன்னைக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் அது பறிகொடுத்தவரைப் பறித்தவராக்கும் கேள்வியாக இருக்கக் கூடாது.

இனி, கோபத்தை மகன்மேல் தீர்த்த தந்தை. இதற்கு, துன்புறும் ஊழியரைப் பாடும் எசாயா 53:4 போதும். "கடவுளால் அடிக்கப்பட்டவர் என்று நாம் எண்ணினோம்" என்கிறது அந்த வசனம். எண்ணினவர்கள் நாங்கள், எண்ணம் பிழை, என்பதுதான் அந்தப் பாடலின் ஒப்புதல். அதே அதிகாரத்தின் 10ஆம் வசனம் அவர் நொறுக்கப்பட ஆண்டவர் திருவுளம் கொண்டார் என்கிறதே என்று யாராவது கேட்பார்கள். பெந்தகோஸ்து நாளில் பேதுரு சொன்னதோடு சேர்த்து வாசியுங்கள்: கடவுளின் திட்டத்தின்படி கையளிக்கப்பட்டார், நீங்கள் கொன்றீர்கள், கடவுள் உயிர்த்தெழச் செய்தார் (திருத்தூதர் பணிகள் 2:23-24). கொலை மனிதருடையது. அந்தக் கொலை வரைக்கும் வந்து, அதற்குள்ளும் நம்மை விடாமல் அன்பு செய்தது கடவுளுடையது. "கடவுள் கிறிஸ்துவில் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார்" என்கிறார் பவுல் (2 கொரி 5:19). அடிப்பவர் ஒருவர், அடி வாங்குபவர் இன்னொருவர் என்று தந்தையையும் மகனையும் பிரித்தால் மூவொரு கடவுள் நம்பிக்கையே உடைந்துபோகும்.

சிலுவைச் சாவு நம்மை எப்படி மீட்கிறது என்பதற்குத் திருச்சபை ஒரே விளக்கத்தைக் கட்டாயமாக்கியதில்லை. நிசேயா விசுவாச அறிக்கை "நமக்காக" என்று சொல்வதோடு நிறுத்துகிறது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய புனித அன்செல்ம், மனிதர் கடவுளுக்குக் கொடுக்கத் தவறியதைக் கடவுளும் மனிதருமான ஒருவர் தம் விருப்பத்தால் கொடுக்கிறார் என்றார். அவருடைய விளக்கத்தில் கொடுத்தல் உண்டு, அடி வாங்குதல் இல்லை. தண்டனை மகன்மேல் விழுந்தது என்ற பேச்சை அழுத்திச் சொன்னவர்கள் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள். பிறகு அது நம்முடைய பிரசங்க மேடைகளிலும் ஏறிக்கொண்டது. இயேசு உயிர்விடும் 12ஆம் நிலைக்கு யோவானின் வழி பொருந்தும் என்பது என் எண்ணம். ஈசோப்புத் தண்டில் நீட்டிய காடி, முறிக்கப்படாத கால் எலும்பு, பாஸ்காவுக்கு ஆயத்தமான நாள்: மூன்றும் விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரத்து ஆட்டுக்குட்டியை நோக்கிப் போகின்றன. அந்த ஆடு யாருக்கும் தண்டனையாக வெட்டப்பட்டதல்ல. அடிமை வீட்டிலிருந்து சனம் வெளியேறிய இரவின் ஆடு அது.

முள்ளிவாய்க்கால்தான் கல்வாரி என்று எழுத வேண்டாம். இளைஞர்களின் வலியைக் குறைத்து மதிப்பதாக எடுக்காதீர்கள். கிறிஸ்து தம்மைத் தாமே கொடுத்தார், ஒரே முறை (எபி 9:26). அந்த மணல் திட்டியில் பங்கருக்குள் செத்த குழந்தை தன்னைக் கொடுக்கவில்லை. அதன் உயிர் பறிக்கப்பட்டது. அந்தச் சாவை மீட்புப் பலியாக்கினால், ஷெல் அடித்தவர்கள் கடவுளின் திட்டத்தை நிறைவேற்றியவர்களாகிவிடுவார்கள். அங்கே செத்தவர்களில் சைவர்கள் நிறையப் பேர். அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் நம் அடையாளத்தைப் போர்த்துவதும் சரியல்ல. எழுத வேண்டியது இதன் மறுதலை: அவர்கள் கிறிஸ்துவாகவில்லை, கிறிஸ்து அவர்களோடு இருந்தார். சிலுவை என்பது உரோமையர் அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் வைத்திருந்த சாவு. கி.மு. 71இல், கலகம் செய்த அடிமைகளின் தலைவன் ஸ்பார்ட்டகஸின் ஆட்கள் 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து உரோமை வரைக்கும் வீதியோரமாக அறைந்தார்கள், போகிறவர்கள் பார்க்கட்டும் என்று. அந்த வரிசையில் போய்ச் சேர்ந்தவரையே கடவுளின் மகன் என்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீதி நாடகத்திலும் சிந்தனையிலும் படைவீரர்களுக்கு ஓர் இனத்தின் முகத்தைக் கொடுத்துவிடுவது மிகச் சுலபம். நூற்றாண்டுகளாக, பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகங்கள் யூதர் மேல் பழி போட்டதன் விளைவு என்னவென்று உலகம் கண்டது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அன்றிருந்த எல்லா யூதர் மீதும் இன்றுள்ள யூதர் மீதும் அந்தச் சாவைச் சுமத்தக் கூடாது என்று எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. பாடுகளின் கதையில் உள்வீட்டாரும் இருக்கிறார்கள். வன்னியில் பிள்ளைபிடியும் (இயக்கத்துக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு) நடந்தது, தப்பி வந்த சனத்தை நோக்கி நம் பக்கத்திலிருந்தும் சூடு விழுந்தது. 14 சிந்தனைகளில் ஒன்றாவது இதைச் சொல்லாவிட்டால், பிள்ளை பிடிபட்ட வீட்டார் அந்த ஊர்வலத்தில் அந்நியராகவே நடப்பார்கள்.

"சிலுவையைப் பேசாமல் சுமக்க வேண்டும்" என்ற வரி பழைய புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். எடுத்துவிடுங்கள். கெத்சமனியில் அவர் கிண்ணம் அகலட்டும் என்று கேட்டார். முன்னாள் தலைமைக் குரு அன்னாவின் முன்னால் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, "நான் சரியாகப் பேசியிருந்தால் ஏன் என்னை அடிக்கிறீர்?" என்று கேட்டார் (யோவா 18:23). சிலுவையில் 22ஆம் திருப்பாடலை உரத்த குரலில் எடுத்தார்: "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு குந்திய தாய்மார் கேட்டதும் "ஏன்", "எங்கே" என்பதைத்தான். சிலுவையின் பெயரால் அந்தக் கேள்வியை அடக்க யாருக்கும் உரிமை இல்லை. சிலுவையில் அறையும் 11ஆம் நிலையில் "தந்தையே, இவர்களை மன்னியும்" என்பதையும் கவனமாகக் கையாளுங்கள். அது அறையப்பட்டவர் தாமே தந்தையிடம் கேட்டது. அருகில் நின்ற மரியாவிடம் "நீ மன்னித்துவிடு" என்று அவர் சொல்லவில்லை. ஆகவே அந்த நிலையில் தாய்மாரின் வாயில் மன்னிப்பு வாக்கியம் எதையும் எழுதி வைக்காதீர்கள்.

3, 4, 6, 7, 9ஆம் நிலைகள் நற்செய்தியில் இல்லை, பக்தி மரபில் வந்தவை. 14 என்ற எண்ணிக்கையை 1731இல் 12ஆம் கிளமெந்து பாப்பரசர் நிலைநிறுத்தினார். நற்செய்தியில் உள்ளவற்றை மட்டும் கொண்ட வரிசையை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் பயன்படுத்தினார். நீங்கள் பழைய வரிசையையே வைத்திருங்கள், சனத்துக்கு அது மனப்பாடம். மூன்று விழுதல்களுக்கும் மூன்று சிந்தனை எழுதத் தேவையில்லை. 7இலும் 9இலும் ஒரு திருப்பாடலும் மௌனமும் போதும். நான்காம் நிலையில் உரைநடையே வேண்டாம். நம் வடபுலத்தில், பாடுகளைப் புலம்பலாகச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் ஓதிப் பழகிய முதியவர் யாராவது உங்கள் பங்கில் இருந்தால், தாயின் பிரலாபத்தில் ஒரு பகுதியை அந்த ராகத்திலேயே பாடச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கு மிக முக்கியமானவை, உடலை இறக்குவதும் அடக்கம் செய்வதுமான கடைசி இரண்டு நிலைகள். அறையப்பட்டவனின் உடலை வீட்டாருக்குக் கொடுக்காமல் விடுவதும் உரோமைத் தண்டனையின் ஒரு பகுதி. அரிமத்தியா யோசேப்பு "துணிவுடன்" பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டார் என்று மாற்கு எழுதுகிறார் (15:43). பிலாத்து நூற்றுவர் தலைவரைக் கூப்பிட்டு, சாவை உறுதிப்படுத்திய பிறகே கொடுக்கிறான். நிக்கதேம் ஏறக்குறைய 30 கிலோ வெள்ளைப்போளமும் அகிலும் கொண்டுவருகிறார். உடலை எங்கே வைத்தார்கள் என்பதை இரண்டு மரியாக்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலுவைச் சாவைப் பற்றி நம் கையில் இருக்கும் நேரடித் தடயங்களில் ஒன்றும் இப்படித்தான் கிடைத்தது. 1968இல் எருசலேமின் வடபுறத்தில் ஒரு கல்லறையில், எலும்புப் பேழைக்குள், ஏறக்குறைய 11.5 சென்ரிமீற்றர் ஆணி இன்னும் குத்தியபடி ஒரு குதிகால் எலும்பு இருந்தது. நுனி வளைந்திருந்ததால் ஆணியைக் கழற்ற முடியாமல் அப்படியே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று கருதுகிறார்கள். அந்த மனிதனின் வீட்டார் உடலைக் கேட்டு வாங்கி, பிறகு எலும்புகளைச் சேர்த்து வைத்தபடியால்தான் அது மிஞ்சியது. உடலைக் கேட்பது, இடத்தைத் தெரிந்துவைத்திருப்பது, பெயரோடு அடக்கம் செய்வது: நம் விசுவாச அறிக்கை "அடக்கம் செய்யப்பட்டார்" என்று தனியாகச் சொல்கிற அளவுக்கு இது முக்கியம். 14ஆம் நிலையில் யோசேப்பு கேட்டதை, உடலோ பதிலோ கிடைக்காதவர்களின் மன்றாட்டாக எழுதுங்கள். உயிர்ப்பை அவசரமாக அங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். அதற்குச் சனிக்கிழமை இரவு இருக்கிறது. அன்றும் உயிர்த்தவரின் காயங்கள் மறையவில்லை என்பதை உங்கள் பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொல்லலாம்.

நடைமுறைக்கு வருகிறேன். ஒரு நிலைக்கு மூன்று முதல் ஐந்து வசனம், அரை நிமிடம் மௌனம், 100 சொல்லுக்கு மிகாத சிந்தனை, செபம், பாட்டு. ஐந்து நிமிடத்தில் முடியும். சிந்தனை நீண்டால் பின்வரிசை பேசத் தொடங்கும், ஒலிபெருக்கியைக் கூட்டுவார்கள், மௌனம் போய்விடும். நிலைகளுக்கிடையே 100 மீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். பொய்க்காலோடும் ஊன்றுகோலோடும் வருகிறவர்கள் உங்கள் பங்கில் இருப்பார்கள், அவர்கள்தான் முதலில் பின்தங்குவார்கள். ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டுக்கு முன் முடியும். பிந்தினால் ஏப்ரல் வெயிலில் முதியவர்கள் தாங்கமாட்டார்கள். சிலுவையைப் பாரமாகச் செய்து பலசாலி இளைஞர்களிடம் மட்டும் கொடுக்கும் வழக்கம் வேண்டாம். பொதுவாகக் குற்றவாளி சுமந்தது குறுக்குமரத்தைத்தான். இரண்டு பெண்கள் தூக்கக்கூடிய அளவில் செய்து, நிலைக்கு நிலை ஆளை மாற்றுங்கள்.

எழுதி முடித்ததும் பங்குத்தந்தையிடம் கொடுக்க முன், அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் 4, 11, 13, 14ஆம் நிலைகளை வாசித்துக் காட்டுங்கள். அவ வேண்டாம் என்கிற வரியை, எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், வெட்டிவிடுங்கள். 14ஆம் நிலையின் மன்றாட்டை அவவே வாசிக்க விரும்பினால் எழுத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுங்கள்.