கலைக்குள் வைத்த கால்

அன்புள்ள ஐயா,

ஞாயிறு இதழ்களில் வரும் சாதாரணக் குறுக்கெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோலாலம்பூரில் இருக்கும் என் மகள் இப்போது கிரிப்டிக் குறிப்புகளாக வாட்ஸ்அப்பில் அனுப்பி என் தூக்கத்தைக் கெடுக்கிறாள். போன வாரம் வந்தது: 'கலைக்குள் கால் வைத்தால் மனக்கஷ்டம் (3)'. விடை 'கவலை'யாம். 'வேதனை'யும் மூன்றெழுத்துதானே, அது ஏன் கூடாது? கலைக்கும் காலுக்கும் அங்கே என்ன வேலை? அமைப்பவர் மனம்போன போக்கில் எழுதுவதை நாம் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள அம்மா,

'வேதனை' கூடாது என்று சொல்வதற்காகத்தான் கலையும் காலும் அங்கே வந்திருக்கின்றன. கிரிப்டிக் குறிப்பு ஒரே விடையை இரண்டு வழியில் சொல்கிறது. ஒரு பாதி நேரான பொருள். மறுபாதி அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டித் தருவது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால்தான் விடை. சாதாரணக் குறுக்கெழுத்தில் முதல் பாதி மட்டுமே உண்டு என்பதால், வேதனையா கவலையா என்பதைக் குறுக்கே வரும் சொல் வந்து தீர்த்துவைக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் குறிப்பில் நேர்ப்பொருள் 'மனக்கஷ்டம்'. மிச்சம் 'கலைக்குள் கால் வைத்தால்'. தமிழ் எண்களில் கால் பங்குக்கு 'வ' என்ற எழுத்து. 'கலை'யின் நடுவே அதை வையுங்கள்: க-வ-லை. இந்த எண்களில் இப்போது யாரும் கணக்கு எழுதுவதில்லை என்றாலும் புதிர் அமைப்பவர்கள் விடமாட்டார்கள். க ஒன்று, உ இரண்டு, ச நான்கு, எ ஏழு, அ எட்டு, ய பத்து. இந்த ஆறோடு 'வ'வையும் மனப்பாடம் செய்தால் ஓரளவு போதும்.

இது இறக்குமதிச் சரக்கும் அல்ல. ஔவையார் பேரில் வழங்கும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று ஒரு வசவு வரும். எட்டுக்கு அ, காலுக்கு வ, சேர்த்தால் அவலட்சணம். அதே பாட்டில் 'எமனேறும் பரி' என்று எருமையைச் சொல்வது வேறு வகை. அது பொருளை மூடிச் சொல்லும் விடுகதை மட்டுமே. எருமை என்ற எழுத்துகள் அதில் எங்கும் இல்லை. முதலாவதில் எழுத்துகளே கையில் கிடைக்கின்றன. கிரிப்டிக் என்பது அதுதான்.

ஊகிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நேர்ப்பொருள் ஏறக்குறைய எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் வராது. ஆகவே வாக்கியம் சொல்லும் கதையை மறந்துவிட்டு இரண்டு முனைகளையும் பாருங்கள். காற்புள்ளியை நம்பாதீர்கள், அது ஏமாற்றவே வைக்கப்படுவது. 'அநேக கரம் அறுத்த மரம் (3)' என்பதைக் கதையாகப் படித்தால் மரப்பட்டறைதான் தெரியும். வெட்டிப் பாருங்கள்: அநேக, கரம் / அறுத்த மரம். பல, கை. பலகை.

அடுத்து, செயலைச் சொல்லும் வார்த்தையைத் தேடுங்கள். கலைந்த, குழம்பிய, சிதறிய என்று வந்தால் பக்கத்துச் சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்க வேண்டும். 'நகரம் குழம்பினால் பாவிகளின் இடம் (4)': நரகம். (காலை எட்டு மணிக்குக் கோலாலம்பூருக்குள் கார் ஓட்டுபவர்களுக்கு இது எளிது.) புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: ஆங்கிலப் பழக்கத்தில் உயிர்மெய்யை உடைத்துவிடுகிறார்கள். 'கி' ஒரே கட்டம். அதை க், இ என்று பிரிக்கக் கூடாது. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. 247 எழுத்துகளை வைத்துக்கொண்டு இப்படி மாறி அமரும் சொற்களைக் கண்டுபிடிப்பது சிரமம் என்பதால், தமிழில் ஒட்டுவதும் உள்ளே செருகுவதும்தான் அதிகம் வரும்.

ஒட்டும்போது புணர்ச்சி ஒரு தகராறு. 'விழி, ஆனிக்குப் பின் முகம் பார்க்க உதவுவது (4)'. கண், ஆடி, கண்ணாடி. ண் இரட்டித்தது நன்னூல் விதிப்படிதான் என்பதால் நான் இதை ஏற்பேன். சிலர் ஏற்பதில்லை. ஆனால் 'மரம்' என்று சொல்லிவிட்டு, ஒரு குறியும் தராமல் ம்-ஐ விழுங்கும் அமைப்பாளரிடம் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

திசையும் முக்கியம். 'மலை ஏறினால் சிறைவாசி (2)' என்பது மேலிருந்து கீழ் வரிசைக் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். பினாங்குக்காரருக்கு மலை என்றதும் கொடிமலைதான் தோன்றும். இங்கே மலை வினைச்சொல், மலைத்தல், திகைத்தல். 'திகை'யைக் கீழிருந்து மேலே ஏறிப் படித்தால் 'கைதி'. இதே குறிப்பை இடமிருந்து வலத்தில் போட்டால் செல்லாது. அங்கே ஏறுவதற்கு வழியில்லை, 'திரும்பினால்' என்றுதான் எழுத வேண்டும். பெயரா வினையா என்று தெரியாத சொல்லை இரண்டாகவும் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மலை, படி, அணி எல்லாம் அந்த ரகம்.

நேர்மைக்கு வரையறை இருக்கிறது. லண்டன் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் சிமெனிஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டி.எஸ். மெக்நட் 1966-இல் எழுதிய புத்தகத்தின் சாரம் இதுதான்: துல்லியமான பொருள், நியாயமான எழுத்து விளையாட்டு, இவற்றுக்கு மேல் ஒன்றும் கூடாது. (அவருக்கு முன் 1926 முதல் அதே இதழில் அமைத்தவரின் புனைபெயர் டார்க்கிமாடா. இரண்டுமே மதவிசாரணை நடத்திய ஸ்பானியரின் பெயர்கள். தீர்ப்பவர்களை என்ன பாடு படுத்தினார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) விடை கிடைத்த பிறகு குறிப்பில் ஒரு வார்த்தை வேலையில்லாமல் நின்றால், விடை தப்பு அல்லது குறிப்பு மட்டம். நேர்ப்பொருள் பெயராக இருந்து விடை வினையாக வந்தாலும் அப்படித்தான். 'வேதனை'யை எழுதினால் கலையும் காலும் வேலையில்லாமல் நிற்கும்.

மகளுக்குப் பதிலுக்கு அனுப்ப ஒன்று தருகிறேன். ஒட்டும் துண்டுகள் இரண்டு, இரண்டாவது துண்டு குறிப்பிலேயே கண்ணுக்குத் தெரிகிறது (மெர்டேக்கா மலாய்ச் சொல்):

'தடுக்காதே பாதியில் தலைவரை, மெர்டேக்கா! (4)'