விண்வெளி ஆய்வின் மிகப் பெரிய சாதனை எது? இனி அது எந்தத் திசையில் போக வேண்டும்?

முதல் கேள்விக்குப் பலரும் ஆம்ஸ்ட்ராங்கின் காலடியைச் சொல்வார்கள். நான் அவர் அள்ளிவந்த மண்ணைச் சொல்வேன்.

அதற்குக் காரணம் எங்கள் பக்கத்துக் கல் ஒன்று. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர். அத்தையை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்ததால் பள்ளி விடுமுறைக்கு அங்கே போவேன். காட்டோரம் வெளிறிய பாறைகள் கிடக்கும். ஒரு துண்டை உடைத்தால் உட்புறம் கல் உப்பு போல மணிமணியாக மின்னும். இடையிடையே எள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். அதன் பெயர் அனார்த்தசைட் என்பதும், நிலாவில் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும் மேட்டுநிலம் பெரும்பாலும் அதே வகைப் பாறைதான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. சந்திரயான் தரையிறங்கு கலத்தையும் உலாவியையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலா மண் போன்ற மண் தேவைப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை அதை இந்தப் பகுதியில்தான் அடையாளம் காட்டியது. ஏறத்தாழ 50 டன் மண் போயிருக்கிறது.

இனி ஆம்ஸ்ட்ராங்கின் மண்ணுக்கு வருகிறேன். 1969 ஜூலையில், கலத்துக்குள் திரும்ப வேண்டிய நேரத்தில், கற்களை வைத்த பெட்டியில் இடம் காலியாக இருக்கிறதே என்று அவர் அவசர அவசரமாக மண்ணை அள்ளிப் போட்டார். அப்பல்லோ 11 இறங்கிய இடம் கருமையான எரிமலைப் பாறைச் சமவெளி. ஆனால் அங்கிருந்து வந்த மண்ணில் பொருந்தாத சில வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. ஜான் வுட் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவும் அவற்றை விடாமல் ஆராய்ந்தார்கள். அவை அனார்த்தசைட். தொலைவிலுள்ள மேட்டுநிலத்தில் விண்கல் மோதியபோது சிதறி வந்து விழுந்தவை. அந்தச் சிறு துணுக்குகளை வைத்துத்தான் ஒரு பெரிய கருத்து பிறந்தது: நிலா பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது, கனமான தாதுக்கள் அடியில் தங்க, இலேசானவை மிதந்து மேலோடாக இறுகின. பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெல்ல ஆலைகளில் கரும்புச்சாறு கொதிக்கும்போது கொப்பரையின் மேல் நுரை ஒதுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3இன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கியது நிலாவின் தெற்கே 69 பாகை அட்சரேகைக்கு அருகில். அதுவரை யாரும் மண்ணைத் தொட்டுப் பார்க்காத பகுதி. அதன் உலாவி பிரக்யான் ஏறத்தாழ 100 மீட்டர் ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அங்கேயும் அதே அனார்த்தசைட் சாயல். பாறைக் கடல் கருத்துக்குத் தென் துருவப் பக்கத்திலிருந்து கிடைத்த முதல் நேரடிச் சாட்சி அது. அந்த முடிவு 2024 ஆகஸ்டில் வெளியானபோது அத்தை ஊர்க் கல்லைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் உலாவியால் ஓரளவுதான் முடியும். பாறையின் வயதைத் துல்லியமாகக் கணிக்கும் கருவிகள் ஓர் அறையையே அடைத்துக்கொள்பவை. அவற்றை 26 கிலோ வண்டியில் ஏற்ற முடியாது. கையில் கல் இருந்தால் கதையே வேறு. ஆறு அப்பல்லோ பயணங்களில் 382 கிலோ வந்தது. நிலா முற்றிலும் வறண்டது என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். பழைய அப்பல்லோ மண்ணிலிருந்த எரிமலைக் கண்ணாடி மணிகளைப் புதிய கருவியால் ஆராய்ந்தபோது, 2008இல், அவற்றுக்குள் நீரின் தடயம் தெரிந்தது. 1972இல் அப்பல்லோ 17 கொண்டுவந்த, நிலா மண் நிரம்பிய ஒரு குழாயை முத்திரை உடைக்காமலே வைத்திருந்து 2022இல்தான் திறந்தார்கள். அதை அப்படிக் காத்து வைத்தவர்கள் மேல் எனக்கு அளவற்ற மரியாதை.

எனவே என் இரண்டாவது பதில்: இனிப் போகும் கலங்கள் எதையாவது எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். சீனா இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 2020இல் சாங்கே 5 கொண்டுவந்த 1,731 கிராம் மண், நிலாவின் எரிமலைகள் சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்புகூட உயிரோடு இருந்ததைக் காட்டியது. 2024இல் சாங்கே 6 நிலாவின் மறுபக்கத்திலிருந்தே மண் கொண்டுவந்துவிட்டது.

நமக்கு அந்த இடத்தில் சந்திரயான் 4 இருக்கிறது. 2024 செப்டம்பரில் 2,104 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. இரண்டு ராக்கெட்டுகளில் ஐந்து பாகங்களாகப் போய், விண்ணில் இணைந்து, இறங்கி, மண் எடுத்து, அங்கிருந்து மேலெழும்பி, மீண்டும் இணைந்து வீடு திரும்ப வேண்டும். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் என்ற சோதனையில் இரு செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றியபடியே ஒன்றோடொன்று இணைந்தது இதற்கான முதல் படி. 2040க்குள் இந்தியரை நிலாவில் இறக்கும் திட்டத்தையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் வரிசையில் மண்தான் முதலில் வர வேண்டும்.

அந்த மண் வந்து சேரும்போது இஸ்ரோவிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு: ஒரு குழாயையாவது முத்திரையிட்டு, இன்னும் பிறக்காத பிள்ளைகள் திறந்து பார்ப்பதற்காக ஒதுக்கி வையுங்கள்.